இரண்டு கட்டடம், ஓர் இணைப்பு: பெட்டியை வாங்குமுன் கூரையில் ஏறிப் பாருங்கள்

நம்மவர்களின் தொழில் வளரும் விதத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கடைவீட்டின் கீழ்த்தளம். பிறகு மேல்மாடி. பக்கத்துக் கடையும் வாடகைக்குக் கிடைத்தால் நடுச்சுவரில் ஒரு கதவு. அதுவும் போதாமல் போகும்போது, சாலைக்கு அப்பால் உள்ள தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கு. அதுவரை ஒரே கூரையின்கீழ் இருந்த கணக்கும் சரக்கும் அன்றுதான் முதன்முதலாகப் பிரிகின்றன.

கணக்கு மென்பொருள் பழைய அலுவலகத்தில். சரக்கும் லோரியும் புதிய கிடங்கில். கிடங்கில் இருப்பவர் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அலுவலகக் கிராணி அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வார். நாளைக்கு ஐந்து சீட்டு என்றால் சமாளிக்கலாம். ஐம்பது என்றால் மாதக் கடைசியில் இருப்பும் கணக்கும் ஒத்துவராது. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிய மின்-விலைப்பட்டியல் முறை வேறு அதன்பின் படிப்படியாக விரிந்திருக்கிறது. "அப்புறம் கணினியில் ஏற்றிக்கலாம்" என்று ஒத்திப்போடுவது இனிமேல் எளிதல்ல.

கிள்ளான் வட்டாரத்தில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கணினிக் கட்டமைப்பு அமைத்துத் தருவது என் வேலை. "அந்தக் கட்டடத்துக்கும் லைன் கொடுக்கணும், எந்தச் சாமான் நல்லது?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். சாமானைக் கடைசியில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் பதில். எவ்வளவு தகவல் போக வேண்டும், இரு கூரைகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது, மழை பெய்தால் என்ன ஆகும் ஆகிய மூன்றுக்கும் விடை கிடைத்தால் சாமான் தானாகவே முடிவாகிவிடும். விடை கிடைக்காமல் வாங்கினால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அது சூதாட்டம்தான்.

இருப்பது மூன்று வழி

முதல் வழி கண்ணாடி இழைக் கேபிள். இரண்டு கட்டடமும் ஒரே வேலிக்குள் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். குழாய் பதித்து இழையை இழுத்துவிடுங்கள். மழை, நெரிசல் எதுவும் அதைத் தொடாது. நடுவில் பொதுச்சாலை வந்துவிட்டால் கதை மாறுகிறது. சாலையைத் தோண்ட ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். செலவும் காத்திருப்பும் சிறு நிறுவனத்தால் தாங்கக் கூடியவை அல்ல.

இரண்டாவது வழி, இரு கட்டடங்களுக்கும் தனித்தனி இணையச் சேவை எடுத்து, விபிஎன் என்னும் பூட்டிய பாதையால் அவற்றை இணைப்பது. கணக்கு மென்பொருள் மட்டும் போதும் என்பவர்கள் இதைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும். கூரையில் ஏற வேண்டாம், கம்பம் நட வேண்டாம். மாதக் கட்டணம் இரண்டு. இரண்டில் எது அறுந்தாலும் கட்டடங்கள் பிரிந்துவிடும் என்பது இதன் குறை.

மூன்றாவது வழி கம்பியில்லாப் பாலம். இரு கூரைகளிலும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஆளுக்கொரு ஆண்டெனா. நடுவில் யாருடைய இணையச் சேவையும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. சரியாக அமைத்தால் ஆண்டுக்கணக்கில் அது இருப்பதே தெரியாது. தவறாக அமைத்தால் ஒவ்வொரு மழையிலும் தெரியும்.

ஒரு மசாலா நிறுவனத்தின் கதை

விஷயத்தைப் புரியவைக்க நான் அமைத்துத் தந்த ஓர் இணைப்பையே எடுத்துக்கொள்கிறேன். கிள்ளானில் மசாலாத் தூளும் முறுக்கு மாவும் அரைத்துப் பொட்டலம் போடும் குடும்ப நிறுவனம். அப்பா தொடங்கியது, இப்போது மகள் நடத்துகிறார். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். நான்கு மாடிக் கடைவீட்டில் அலுவலகம். நேர்கோட்டில் 600 மீட்டர் தள்ளிப் புதிய கிடங்கு. நடுவில் ஒரு பெரிய சாலை. அதை ஒட்டிக் கொள்கலன்களை அடுக்கிவைக்கும் திடல்.

அவர்கள் விபிஎன் வழியைத்தான் முதலில் எடுத்திருந்தார்கள். சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் கிடங்கின் இணையம் ஒன்றரை நாள் அறுந்துபோனது. டெலிவரி ஓடர் அச்சாகாமல் லோரிகள் வரிசையில் நின்றன. ஈப்போவில் ஒரு பழைய வாடிக்கையாளருக்குச் சரக்கு ஒரு நாள் தாமதமாகப் போனது. அவர் அந்த வாரமே வேறு நிறுவனத்திடம் வாங்கத் தொடங்கியவர், இன்னும் திரும்பவில்லை.

அந்த அக்கா என்னை அழைத்தபோது மேசைமேல் இரண்டு விலைக் குறிப்புகள் இருந்தன. ஒன்று 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் புதுவகைச் சாதனம். ஒரு கிகாபிட் வேகம். மற்றது 5 கிகாஹெர்ட்ஸ் சாதனம். விலை அதில் மூன்றில் ஒரு பங்குதான், வேகமும் குறைவு. பல்கலைக்கழகம் முடித்துக் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அவருடைய மகனுக்கு முதலாவதுதான் பிடித்திருந்தது. "எதிர்காலத்துக்கும் சேர்த்து வாங்கிடலாமே அங்கிள்" என்றார்.

அக்காவின் கேள்வி வேறு. "தம்பி, வேகமெல்லாம் எனக்குத் தெரியாது. நாலு மணி மழையில இது நிக்குமா, நிக்காதா? அதை மட்டும் சொல்லு."

எவ்வளவு வேண்டும்?

முதல் வேலையாக ஒரு தாளை எடுத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். கிடங்கில் ஒன்பது கணினிகள். கணக்கு மென்பொருளுக்கும் மின்னஞ்சலுக்கும் ஒன்றுக்கு 2 மெகாபிட் என்று தாராளமாக வைத்தாலும் 18. இணையவழித் தொலைபேசி ஆறு. ஓர் அழைப்புக்கு 0.1 மெகாபிட்கூட ஆகாது, மொத்தமே 0.6தான். இதுவரை ஒன்றுமில்லை. அடுத்து வந்தவை பாதுகாப்புக் கேமராக்கள்: 16. ஒன்றுக்கு 4 மெகாபிட் என்றால் 64. ஆக மொத்தம் 83 மெகாபிட். அதில் முக்கால் பங்குக்கு மேல் கேமரா.

கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியை அலுவலகத்தில் வைப்பதாகத் திட்டம். அதைக் கிடங்கிலேயே பூட்டிய அறையில் வைத்தால்? படங்கள் இரவும் பகலும் கூரை தாண்டிப் பறக்க வேண்டியதில்லை. அக்கா பார்க்க விரும்பும் இரண்டு மூன்று கேமராக்கள் மட்டும், அவர் பார்க்கும் நேரத்தில் வந்தால் போதும். 64 என்பது 12 ஆகிவிடுகிறது. மொத்தத் தேவை 31 மெகாபிட். வளர்ச்சிக்கு மூன்று மடங்கு சேர்த்தாலும் 100க்குள் அடங்கும்.

ஒரு கிகாபிட் என்பது 1,000 மெகாபிட். தேவையோ 100. மகன் தாளைத் தன் பக்கம் திருப்பி, எண்களை மறுபடியும் கூட்டிப் பார்த்துக்கொண்டார்.

சாமான் வாங்க நினைக்கும் எல்லாரும் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும். பல இடங்களில் ஒரு பெட்டியை இடம் மாற்றி வைத்தாலே தேவை பாதியாகக் குறைந்துவிடும்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது

அடுத்து கூரை. தொலைநோக்கியுடன் இரண்டு கூரையிலும் ஏறிப் பார்த்தோம். அலுவலகக் கூரையிலிருந்து கிடங்கின் நீலத் தகரம் தெளிவாகத் தெரிந்தது. பலர் இதோடு இறங்கிவிடுவார்கள். "தெரியுதே, அப்புறம் என்ன?"

ரேடியோ அலை கயிறு கட்டியதுபோல் மெல்லிய கோடாகப் போவதில்லை. இரு முனைகளில் ஒடுங்கி, நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவத்தில் இடம் எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தை, ஒளியலைகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியலாளர் பிரெஸ்னெலின் பெயரால் பிரெஸ்னெல் மண்டலம் என்கிறார்கள். அதற்குள் மரக்கிளையோ கூரை விளிம்போ நுழைந்தால், கண்ணுக்கு வழி திறந்திருந்தாலும் சமிக்ஞை குறையும்.

கணக்கு எளிதுதான். தூரத்தைக் கிலோமீட்டரிலும் அலைவரிசையைக் கிகாஹெர்ட்ஸிலும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 8.66ஆல் பெருக்கினால் நடுப்பகுதியின் ஆரம் மீட்டரில் கிடைக்கும். 600 மீட்டருக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 2.8 மீட்டர். அதில் குறைந்தது 60 விழுக்காடு, அதாவது 1.7 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். 60 கிகாஹெர்ட்ஸில் அதே தூரத்துக்கு ஆரம் 0.9 மீட்டருக்கும் குறைவு. அந்த வகையில் அது வசதியானது.

எங்களுக்குச் சவால் கொள்கலன் திடல்தான். ஒரு கொள்கலனின் உயரம் ஏறக்குறைய 2.6 மீட்டர். நாங்கள் பார்த்த அன்று மூன்று மூன்றாக அடுக்கியிருந்தார்கள். உயரம் 8 மீட்டருக்கும் குறைவு. துறைமுகத்தில் சரக்கு குவிந்தால் ஐந்து அடுக்கு ஆகும், 13 மீட்டர். மரம் வளர ஆண்டுகள் ஆகும். கொள்கலன் ஒரே பிற்பகலில் வளரும். அதுவும் இரும்பு, அலை அதை ஊடுருவாது.

ஆகவே அன்று கண்ணில் பட்டதை விட்டுவிட்டு, ஐந்து அடுக்கை மனத்தில் வைத்துக் கணக்கிட்டோம். அலுவலகக் கூரையில் ஆண்டெனா 18 மீட்டர் உயரத்தில், கிடங்கில் கம்பம் நட்டு 14 மீட்டரில். திடல் இருப்பது பாதையின் நடுவில். அங்கே கோட்டின் உயரம் 16 மீட்டர். ஐந்து அடுக்குக்குமேல் இன்னும் 3 மீட்டர் மிச்சம். அது போதும்.

உங்கள் பாதையில் கொள்கலன் இல்லாவிட்டாலும் இதுபோல் வேறு ஏதாவது இருக்கும். காலி நிலம் என்றால் அங்கே என்ன கட்டடம் வரப்போகிறது என்று விசாரியுங்கள். செம்பனைத் தோட்டம் என்றால் இன்றைய உயரத்தை நம்பாதீர்கள். நனைந்த இலை, காய்ந்த இலையைவிட அதிகமாக அலையை விழுங்கும். இன்னொன்று: கடைவீட்டின் மொட்டைமாடி உங்களுடையதுதானா? மேல்மாடி வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். கம்பம் நட்டபின் வரும் வழக்கைவிட, நடுமுன் வாங்கும் கடிதம் மலிவு.

மழையின் கணக்கு

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம்.

அலைவரிசை உயர உயர, மழைத்துளி அலையை அதிகமாக விழுங்கும். எவ்வளவு மழைக்கு எவ்வளவு இழப்பு என்பதற்கு அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கணக்கு வகுத்துத் தந்திருக்கிறது. உலகை மழையின் வேகத்துக்கு ஏற்பப் பிரித்த அதன் பழைய வகைப்பாட்டில் நம் நாடு பி மண்டலத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டின் 0.01 விழுக்காட்டு நேரம், மணிக்கு 145 மில்லிமீட்டரைத் தாண்டும் வேகத்தில் மழை கொட்டும்.

அந்த மழையில் 60 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 39 டெசிபெல் இழக்கிறது. எங்கள் 600 மீட்டருக்கு 23 டெசிபெல். டெசிபெல் கணக்கு பழகாதவர்களுக்கு: 3 டெசிபெல் குறைந்தால் ஆற்றல் பாதி; 20 குறைந்தால் நூறில் ஒன்று; 23 குறைந்தால் இருநூறில் ஒன்று. இது போதாதென்று, 60 கிகாஹெர்ட்ஸைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் விழுங்குகிறது. மழையே இல்லாத நாளிலும் கிலோமீட்டருக்கு 15 டெசிபெல். எங்கள் தூரத்துக்கு 9.

அதே மழையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை 600 மீட்டரில் இழப்பது ஏறக்குறைய ஒரே ஒரு டெசிபெல்.

மகன் விடவில்லை. "0.01 விழுக்காடுன்னா ஆண்டுக்கு 53 நிமிஷம்தானே அங்கிள்? அதுக்காகவா வேகத்தை விடணும்?"

நல்ல கேள்வி. 53 நிமிடம் என்பது ஆண்டு முழுவதற்குமான கணக்கு. அது நள்ளிரவில் பெய்து தீர்ந்துவிட்டால் யாருக்கும் கவலையில்லை. நம் மேற்குக் கரையில் பருவமழை மாறும் காலம் ஏப்ரல், மே. பிறகு அக்டோபர், நவம்பர். அந்த மாதங்களில் மழை இடியோடு பிற்பகலில்தான் இறங்கும். மசாலா நிறுவனத்துக்குத் தீபாவளி வருவதும் அக்டோபர், நவம்பரில். ஈப்போவுக்கும் சிரம்பானுக்கும் போகும் லோரிகள் சரக்கு ஏற்றுவது பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள். ஆண்டிலேயே அதிக வேலை உள்ள வாரங்களும், நாளிலேயே அதிக வேலை உள்ள நேரமும், மழை கொட்டும் நேரமும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. மேலும், 53 நிமிடம் என்பது மிகக் கடுமையான மழைக்கு மட்டும். மிச்சம் குறைவாக உள்ள இணைப்பு அதைவிடச் சிறிய மழையிலேயே தடுமாறும்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா ஒரு விலைக் குறிப்பை எடுத்து மடித்து வைத்துவிட்டார்.

60 கிகாஹெர்ட்ஸ் மோசமான சாதனம் என்று இதற்குப் பொருளல்ல. தூரம் 150, 200 மீட்டர்தான் என்றால் அதற்கு நிகர் இல்லை. 200 மீட்டரில் அதே பேய்மழை எடுத்துக்கொள்வது 8 டெசிபெல்தான். நல்ல ஆண்டெனா அதைத் தாங்கும். ஆக்சிஜன் விழுங்குவதால் அலை தொலைவுக்குப் பரவாது. பக்கத்துக் கட்டடக்காரரின் இணைப்போடு மோதாது. நகரின் நடுவே எதிரெதிரே நிற்கும் இரண்டு அலுவலகக் கோபுரங்களுக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். மழையில் தானாகவே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளும் இரட்டைச் சாதனங்களும் உண்டு. எங்கள் தேவைக்கு அந்த 5 கிகாஹெர்ட்ஸ் பாதியே போதுமானதாக இருந்தது. மற்றப் பாதிக்கு ஏன் காசு?

பெட்டிமேல் உள்ள எண்

யூபிக்விட்டி, மைக்ரோடிக், கேம்பியம், டிபி-லிங்க் என்று இந்தத் துறையில் பல தயாரிப்புகள் நம் சந்தையில் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் பெட்டிமேல் உள்ள எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும்.

867 மெகாபிட் என்று போட்டிருந்தால், அது இரு ஆண்டெனாக்களும் காற்றில் பேசிக்கொள்ளும் மொத்த வேகம். போவதும் வருவதும் அதற்குள்தான். பேச்சு ஒழுங்குக்கான செலவும் அதற்குள்தான். கணினிக்குக் கிடைப்பது பாதி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அந்த எண்ணும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலமான வழி கிடைத்தால்தான். சுற்றிலும் வைஃபை நிறைந்த கடைத்தெருவில் அவ்வளவு அகலம் சுத்தமாகக் கிடைப்பது அரிது. அகலத்தைக் குறைத்தால் வேகமும் குறையும். ஆனால் இணைப்பு நிலைக்கும்.

அடுத்து, கேபிள் செருகும் துளையைப் பாருங்கள். 300 மெகாபிட் என்று பெட்டியில் எழுதியிருக்கும். துளையோ 100 மெகாபிட்தான். மலிவான பழைய மாடல்கள் பலவும் இப்படித்தான். காற்றில் எவ்வளவு வந்தாலும் கேபிளுக்குள் நூறுக்குமேல் நுழையாது.

"15 கிலோமீட்டர் வரை" என்னும் தூரக் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது தடையில்லாத வெளியில், நெரிசலில்லாத அலைவரிசையில். தூரத்தைவிட ஆண்டெனாவின் கூர்மையைப் பாருங்கள். ஆண்டெனா டார்ச்லைட் மாதிரி: அகலமாக வீசினால் அக்கம்பக்கத்து இரைச்சலெல்லாம் உள்ளே வரும், கூராக வீசினால் எதிர்முனை மட்டும் தெரியும். இரண்டே கட்டடம் என்றால் கூர்மையான வட்டத் தட்டு வகைதான் நல்லது.

நாங்கள் போட்ட கணக்கைச் சொல்கிறேன். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை 600 மீட்டர் வெளியைக் கடக்க 103 டெசிபெல் செலவாகும். ஒரு முனையிலிருந்து 1 வாட், அதாவது 30 டெசிபெல் அளவு, வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்முனைத் தட்டின் பலம் 23 டெசிபெல். 30இல் 103 போனால் மைனஸ் 73. 23ஐக் கூட்டினால் மைனஸ் 50. நல்ல வேகத்துக்கு மைனஸ் 65 இருந்தாலே போதும். 15 டெசிபெல் மிச்சம் கையில் இருக்கிறது. மழைக்கு ஒன்று போனாலும் கவலையில்லை. தயாரிப்பாளர்கள் சிலர் இதற்கான மென்பொருளை இலவசமாகவே தருகிறார்கள். சாமான் விற்பவர் இந்தக் கணக்கைத் தாளில் காட்டாவிட்டால், கேட்டு வாங்குங்கள்.

சட்டமும் நெரிசலும்

5 கிகாஹெர்ட்ஸில் இயங்கத் தனி உரிமம் வாங்க வேண்டியதில்லை என்பதால் எப்படி வேண்டுமானாலும் இயக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. எந்த அலைவரிசைப் பகுதியை, எவ்வளவு ஆற்றலில் பயன்படுத்தலாம் என்று தொடர்பு, பல்லூடக ஆணையம் எல்லை வகுத்திருக்கிறது. சாதனம் சிரிம் சான்று பெற்றதா என்றும் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் மலிவாக வாங்கும் சாதனத்தில் இந்தச் சான்று இருக்காது. நாட்டை மாற்றிக் காட்டி ஆற்றலைக் கூட்டும் தந்திரத்தையும் யாராவது சொல்லித் தருவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸின் ஒரு பகுதியை வானிலை ராடார்களும் பயன்படுத்துகின்றன. அந்தப் பகுதியில் ராடார் குரல் கேட்டால் சாதனம் தானாக விலகி வேறு வழிக்குப் போக வேண்டும் என்பது விதி. அப்படி விலகும்போது இணைப்பு சற்று நேரம் அறும். இதனால்தான் வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், கூரையில் சாதனத்தை வைத்து ஒரு முழு வேலைநாள் அலைவரிசையைக் கவனிப்பது என் வழக்கம். காலை பத்து மணிக்குச் சுத்தமாக இருக்கும் வழி, மாலையில் சந்தைக்கடையாக இருக்கும்.

கடவுச்சொல்லை மறக்காதீர்கள். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்ற வேண்டும். மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 2016இல், பழைய மென்பொருளோடு கூரைகளில் கிடந்த சாதனங்களைத் தேடிப்பிடித்துத் தாக்கிய ஒரு புழு நிரல் பல நாடுகளில் பரவியது. கூரையில் இருப்பதைக் கண்ணில் படாததால் மறந்துவிடுகிறோம், திருடன் மறப்பதில்லை.

இடி இறங்கும் வழி

நம் ஊரில் மழையைவிட இடிக்கு நான் அதிகம் பயப்படுவேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டின் ஏறக்குறைய பாதி நாள்கள் இடி முழங்குகிறது. கூரைமேல் இரும்புக் கம்பம். அதிலிருந்து கட்டடத்துக்குள் இறங்கும் செம்புக் கேபிள். பக்கத்தில் எங்கோ விழும் மின்னல்கூட அந்தக் கேபிளில் ஏறி, கீழே உள்ள சுவிட்சையும் கணினியையும் பதம் பார்க்கும்.

கம்பத்துக்கு முறையான நிலத்தொடர்பு வேண்டும். வெயில் தாங்கும் உறையும் உலோகக் கவசமும் உள்ள கேபிள் வேண்டும்; நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கேபிளின் இரு முனையிலும் மின்னல் தடுப்பான் வேண்டும். இதற்கும் மேல் ஒரு பாதுகாப்பு உண்டு: கூரைக்கு அருகே ஒரு சிறு பெட்டியில் செம்பை நிறுத்திவிட்டு, அங்கிருந்து அலுவலகத்துக்குக் கண்ணாடி இழையில் இறங்குவது. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. செலவு சற்றுக் கூடும். கணக்குச் சேவையகம் எரிந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தச் சாதனங்களுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. சிலவற்றுக்கு 24 வோல்ட், சிலவற்றுக்கு 48. பழுதானதைக் கழற்றிவிட்டு அவசரத்தில் வேறொன்றின் மின்பெட்டியைச் செருகினால் சாதனம் போய்விடும். மின்பெட்டிமேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

கம்பத்தைத் தகரத்தின்மேல் முடுக்காமல், அடியிலுள்ள இரும்புச் சட்டத்தில் முடுக்குவதும் முக்கியம். காற்றில் தகரம் அதிர்ந்தால் ஆண்டெனாவின் குறி தவறும். துளை வழியே மழையும் உள்ளே வரும். மசாலாக் கிடங்கில் ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கூரையில் ஏறுபவருக்குப் பாதுகாப்புக் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

எங்கே முடிந்தது?

5 கிகாஹெர்ட்ஸ் வட்டத் தட்டுச் சாதனம்தான் முடிவானது. இரண்டு அல்ல, மூன்று வாங்கினோம். மூன்றாவதில் எல்லா அமைப்பும் செய்து, இரு முனைக்கும் பொருந்தும்படி அலமாரியில் வைத்திருக்கிறோம். இடி ஒன்றை எடுத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மூன்று வாங்கியும் 60 கிகாஹெர்ட்ஸ் விலைக் குறிப்பைவிடச் செலவு குறைவு. கிடங்கின் பழைய இணையச் சேவையை ரத்துச் செய்யவில்லை. மலிவான திட்டத்துக்கு மாற்றி, பாலம் அறுந்தால் அதன் வழியே விபிஎன் தானாக எழும்படி வைத்தோம். ரவுட்டர் அமைப்பை மகனே செய்தார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு பிற்பகல் வானம் இடிந்து விழுந்ததுபோல் மழை. நான் வீட்டிலிருந்தே பதிவேட்டைப் பார்த்தேன். மைனஸ் 51இல் இருந்த சமிக்ஞை மைனஸ் 53க்கு இறங்கி, அரை மணி நேரத்தில் பழைய இடத்துக்கு வந்தது. அக்காவிடமிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. இந்தத் தொழிலில் எங்களுக்குக் கிடைக்கும் பாராட்டு பெரும்பாலும் அதுதான்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

1. இரு கூரைகளுக்கும் இடையே எத்தனை மீட்டர்? நடுவில் உயரமான தடை எது? அது இன்னும் உயர்ந்தால் என்ன செய்வது?

2. எங்களுக்குத் தேவை இத்தனை மெகாபிட். கணினிக்கு உண்மையில் கிடைக்கப்போவது எவ்வளவு? கேபிள் துளை 100 மெகாபிட்டா, கிகாபிட்டா?

3. சாதாரண நாளில் சமிக்ஞை எவ்வளவு, கடும் மழையில் எவ்வளவு? தாளில் எழுதித் தர முடியுமா?

4. சிரிம் சான்று உண்டா?

5. நிலத்தொடர்பும் மின்னல் தடுப்பானும் இந்த விலைக்குள் அடக்கமா?

6. ஒரு முனை பழுதானால் மாற்றுச் சாதனம் கையிருப்பில் உண்டா? எத்தனை மணி நேரத்தில் வருவீர்கள்?

7. வேலை முடிந்தபின் கடவுச்சொற்களும் அமைப்பு விவரங்களும் எங்கள் கைக்கு வருமா?

இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்பவர் எந்தச் சாமானைக் கொண்டுவந்தாலும் பெரும்பாலும் நம்பலாம். கூரையில் ஏறிப் பார்க்காமலே விலை சொல்பவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.